அகத்தியர் மாறினால் தலபுராணம், நாம் மாறினால் சதியா?

குற்றாலநாதர் கோயில் தலபுராணம் தென்காசிக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஆதியில் பெருமாள் கோயிலாம். அகத்தியர் உள்ளே போகப் பார்க்கிறார். நெற்றியில் விபூதி, கழுத்தில் ருத்ராட்சம். வாசலில் நின்றவர்கள் 'நீ எங்கள் ஆள் இல்லை' என்று தடுத்துவிடுகிறார்கள். பக்கத்து இலஞ்சிக்குப் போய் முருகனை வணங்குகிறார். முருகன் கொடுத்த யோசனைப்படி நாமம் போட்டு, வைணவராகத் திரும்பி வருகிறார். இப்போது வாசல் திறக்கிறது. உள்ளே போனவர் நின்றிருந்த திருமாலின் தலையில் கைவைத்து அழுத்திக் குறுகச் செய்து லிங்கமாக்கிவிடுகிறார். அவர் அழுத்தியதில் சாமிக்கு வந்த தலைவலிக்குத்தான் மூலிகைத் தைலம் சாத்துகிறார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

கோயில் நுழைவு மறுப்பு இருக்கிறது. வேடம் மாற்றிக்கொண்டு நுழைவது இருக்கிறது. கடைசியில் கருவறையில் இருக்கும் கடவுளே மாறிவிடுகிறார். இத்தனை நூற்றாண்டில் ஒருவரும் கேட்டதில்லை: அகத்தியருக்கு யார் பணம் கொடுத்தது?

அந்தக் கோயிலிலிருந்து அதிகத் தூரமில்லை. மேற்குமலை அடிவாரத்தில், பண்பொழிக்கும் மேக்கரைக்கும் பக்கத்தில் மீனாட்சிபுரம். 1981 பிப்ரவரி 19 அன்று அங்கே சுமார் 180 தேவேந்திரர் குடும்பங்கள் இஸ்லாத்தைத் தழுவின. ஊருக்கு ரஹ்மத் நகர் என்று இன்னொரு பெயர் வந்தது. (தலித் என்ற சொல்லே வேண்டாம் என்பவர்கள் இன்று அந்தச் சமூகத்தில் நிறைய இருக்கிறார்கள். அது தனி விவாதம், இன்னொரு நாள் பேசலாம்.) இந்தியாவே அந்தச் சின்ன ஊரைப் பார்த்தது. நாடாளுமன்றத்தில் பேசினார்கள். வாஜ்பாய் வந்தார். மத்திய உள்துறை இணையமைச்சர் யோகேந்திர மக்வானா வந்தார். ஆரிய சமாஜத்தார் வந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் டெல்லியில் விராட் இந்து சம்மேளனம் கூடியது. அத்தனை பேரும் கேட்ட கேள்வி ஒன்றுதான்: வளைகுடாப் பணம் எவ்வளவு வந்தது?

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. அதைவிட அதிகமாக, அந்தக் கேள்வியை வேறு வார்த்தைகளில் கேட்கும் நம் தோழர்களைப் பற்றியது.

முதலில் மீனாட்சிபுரத்தில் அப்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று பார்ப்போம். அந்தப் பகுதியில் நடந்த ஒரு கொலையைக் காரணம் காட்டி போலீஸ் நம் தெருக்களில் புகுந்துகொண்டிருந்தது. யாரை வேண்டுமானாலும் பிடிக்கலாம், யாரை வேண்டுமானாலும் அடிக்கலாம் என்ற நிலைமை. இது ஒரு மாதத்துக் கதை. அதற்கு அடியில் நூறு வருடத்துக் கதை கிடக்கிறது. டீக்கடையில் தனிக் கிளாஸ். தாத்தா வயது மனிதரைப் பார்த்துச் சின்னப் பையன் 'ஏலே' என்பது. மதம் மாறியவர்கள் பஞ்சம் பிழைக்க வழியில்லாதவர்கள் மட்டும் அல்லர். சொந்த நிலம் வைத்திருந்தவர்கள் இருந்தார்கள், படித்து அரசு வேலைக்குப் போனவர்கள் இருந்தார்கள். திடீரென்று ஒரு ராத்திரியில் எடுத்த முடிவும் அல்ல. பல வருடங்களாகப் பேசிப் பேசி எடுத்தது. பத்திரிகைக்காரர்கள் வந்து கேட்டபோதெல்லாம் அவர்கள் சொன்னது மரியாதை என்ற ஒரே பதில்தான். கேட்டவர்கள் அதை எழுதிக்கொண்டு, கட்டுரையின் தலைப்பில் மட்டும் பெட்ரோ டாலர் என்று போட்டார்கள்.

வரலாற்று மாணவர்களுக்கு ஒரு கிளைத் தகவல். பக்கத்துச் செங்கோட்டை 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடு இருந்தது. திருவிதாங்கூரில் 1936 நவம்பர் 12 அன்றே ஆலயப் பிரவேசப் பிரகடனம் வந்துவிட்டது. சட்டப்படி கோயில் கதவு திறந்து நாற்பத்து நாலு வருடம் கழித்துத்தான் இந்த மக்கள் பள்ளிவாசல் கட்டத் தீர்மானிக்கிறார்கள். கதவு திறந்திருந்தும் ஏன் போனார்கள் என்று இன்றும் சிலர் கேட்கிறார்கள். தெருவில் செருப்போடு நடக்க முடியாதவனுக்குக் கருவறை வாசலைத் திறந்து வைத்தால் அவன் அதை வைத்து என்ன செய்வான்?

சரி, அவர்களுக்கு என்ன கிடைத்தது?

நம் பாட்டன் உடம்பு குனிந்தே பழகியது. பண்ணையார் வந்தால் துண்டை அக்குளில் இடுக்கிக் குனிய வேண்டும். காவல் நிலையத்தில் குனிய வேண்டும். கூலி வாங்கும்போது கையை நீட்டாமல் குழித்து வைத்துக் குனிய வேண்டும். இந்த உடம்பு ஒரு நாள் வரிசையில் போய் நிற்கிறது. இரண்டு பக்கமும் தோளோடு தோள். வலப்பக்கம் நிற்பவர் வியாபாரி, இடப்பக்கம் நிற்பவர் கூலியாள். எல்லோரும் ஒரே நேரத்தில் குனிகிறார்கள், ஒரே நேரத்தில் நிமிர்கிறார்கள். ஒரு நாளைக்கு ஐந்து முறை. அதற்குப் பிறகு பண்ணையார் முன்னால் குனிய முதுகு லேசில் சம்மதிக்காது. தொழுகை மனதுக்கு என்ன செய்கிறது என்பதை ஆலிம்கள் விளக்கட்டும். முதுகெலும்புக்கு என்ன செய்தது என்பதை நம் கண்ணால் பார்க்க முடிந்தது. நேற்றுவரை 'ஏலே' என்றவன் இன்று 'பாய்' என்று கூப்பிட வேண்டியதாயிற்று.

இதைச் சொன்னால் உடனே ஒரு தம்பி கை தூக்குவான். "தோழர், இது வெறும் ஆறுதல்தானே, பொருளாதார அடித்தளம் மாறியதா?" மாறவில்லை தம்பி. நிலம் வரவில்லை. பல குடும்பங்களுக்குச் சலுகைகள் போயின. சில குடும்பங்கள் பிறகு திரும்பியும் போயின. இதில் எதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் 'வெறும் ஆறுதல்' என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறாய். போலீஸ் வேன் தெருமுனையில் நிற்கும்போது ராத்திரி தூங்கி எழுந்து காலையில் வெளியே வருவதற்கு ஒரு மனிதனுக்கு என்ன தேவை என்று யோசித்திருக்கிறாயா? கோட்பாட்டைப் படித்து அந்தத் தைரியம் வந்தவர்கள் உண்டு, நானும் பார்த்திருக்கிறேன். அதைவிடப் பத்து மடங்கு பேர் ஜெபித்து வாங்கியிருக்கிறார்கள்.

மார்க்ஸை மேற்கோள் காட்டும் தோழர்கள் அபின் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதற்கு முன்னால் இருக்கும் வரிகளைப் படிக்கச் சொல்லி நான் பலரிடம் மன்றாடியிருக்கிறேன். பெரியாரை மேற்கோள் காட்டுபவர்கள், கடவுள் இல்லை என்று சொன்ன அதே பெரியார் இழிவு நீங்க வேண்டுமானால் இஸ்லாத்துக்குப் போங்கள் என்று மேடை போட்டுச் சொன்னதை மறந்துவிடுகிறார்கள். அவருக்குக் கடவுள் மீது நம்பிக்கை வந்துவிட்டதா? இல்லை. இழிவு சுமப்பவனுக்கு எது உடனடியாக உதவும் என்று பார்த்தார், அவ்வளவுதான்.

அண்ணலின் வாழ்க்கையில் ஒரு சம்பவம் உண்டு, நம் கூட்டங்களில் அதிகம் பேசுவதில்லை. ரமாபாய் அம்மையார் பெற்ற ஐந்து பிள்ளைகளில் நான்கைப் பறிகொடுத்தவர். நோயில் படுத்திருந்தவர் பண்டரிபுரம் போக வேண்டும் என்று ஆசைப்பட்டார். மராட்டியத்துப் பக்தர்களுக்கெல்லாம் பெரிய தலம் அது. நம்மவர்கள் வெளியே நின்றுதான் கும்பிட வேண்டும். பக்தியில் கரைந்துபோன சோகாமேளருக்கே படிக்கட்டுக்கு வெளியேதான் இடம். அண்ணல் மறுத்தார், உன்னை வெளியே நிறுத்தும் பண்டரிபுரம் எதற்கு, நமக்கென்று வேறொரு பண்டரிபுரம் உருவாக்குவேன் என்ற பொருளில் சொன்னார் என்பார்கள். 1935 மே 27 அன்று ரமாபாய் இறந்துபோனார். அதே ஆண்டு அக்டோபர் 13 அன்று யேவலாவில் இந்துவாகச் சாக மாட்டேன் என்ற அறிவிப்பு வருகிறது. அந்த ஐந்து மாத இடைவெளியில் அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் கதை கட்டப் போவதில்லை. ஆனால் 1956 அக்டோபர் 14, நாக்பூரில் லட்சக்கணக்கானோர் முன்னால் அவர் திரிசரணம் சொல்லி நின்றாரே, அதை வெறும் அரசியல் உத்தி என்று சொல்பவன் துக்கம் என்றால் என்னவென்று அறியாதவன். பிள்ளைகளையும் மனைவியையும் புதைத்த மனிதன், கும்பிடத் தகுதியான ஒன்றைத் தேடி இருபத்தோரு வருடம் படித்தான். நம்பிக்கை அவருக்கும் தேவைப்பட்டது. வாசலில் நிற்க வைக்காத நம்பிக்கை தேவைப்பட்டது. அந்த நிபந்தனையை மட்டும் அவர் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த நிபந்தனையைத்தான் நாமும் பிடித்துக்கொள்ள வேண்டும். துயரத்தில் இருப்பவரின் பிரார்த்தனை அவருடையது. அதைக் கேலி செய்ய நமக்கு உரிமை இல்லை. அதை நீதிக்குப் பதிலாக அவர் கையில் திணிக்க எந்தச் சாமியாருக்கும், பாதிரியாருக்கும், ஆலிமுக்கும், அரசுக்கும் உரிமை இல்லை.

இரண்டாவதற்கு வருகிறேன், ஏனென்றால் மெய்யான ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வன்கொடுமை நடந்த ஊருக்குப் போனவர்களுக்குத் தெரியும். மூன்றாம் நாள் வாக்கில் சமாதானக் கூட்டம் என்று ஒன்று போடுவார்கள். தாசில்தார் வருவார். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வருவார்கள். வெள்ளை உடுப்பில் ஒருவரும் காவி உடுப்பில் ஒருவரும் கட்டாயம் இருப்பார்கள். "நடந்தது நடந்துபோச்சும்மா, சாமி பார்த்துக்கும், நீ பிரார்த்தனை பண்ணு, வழக்கெல்லாம் வேண்டாம்." இந்த வாக்கியத்தை நான் மூன்று மதத்துக்காரர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். இதுதான் அபின். அந்தத் தாய் தானாகச் செய்யும் ஜெபத்துக்கும் இதற்கும் எந்த உறவும் இல்லை. அவள் ராத்திரி முழுக்க அழுது கடவுளோடு சண்டை போடுகிறாள். இவர்கள் அவளை எப்.ஐ.ஆர். போடவிடாமல் செய்யக் கடவுளைக் கூலிக்குக் கூட்டி வருகிறார்கள்.

அமெரிக்காவில் சார்ல்ஸ்டன் நகரத்தில் 2015 ஜூன் 17 அன்று கறுப்பினத்தவரின் இமானுவேல் தேவாலயத்தில் வேதாகம வகுப்பில் இருந்த ஒன்பது பேரை ஒரு வெள்ளை இனவெறியன் சுட்டுக் கொன்றான். இரண்டே நாளில் நீதிமன்ற விசாரணையில் இறந்தவர்களின் உறவினர்கள் சிலர் அவனை மன்னிப்பதாகச் சொன்னார்கள். உலகமே பாராட்டியது. அவர்கள் மன்னித்தது அவர்கள் விசுவாசம். அதைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. பாராட்டியவர்களைப் பற்றித்தான் சொல்ல இருக்கிறது. கறுப்பினத்தவர் மன்னித்தால் கைதட்டும் கூட்டம், அவர்கள் கோபப்பட்டால் எங்கே போய்விடுகிறது? அதே விசுவாசிகளின் முன்னோர்தான் 1955 டிசம்பர் 5 அன்று மாண்ட்கோமரி ஹோல்ட் ஸ்ட்ரீட் தேவாலயத்தில் கூடிப் பேருந்துப் புறக்கணிப்பைத் தொடர்வதென்று முடிவெடுத்தார்கள். 381 நாள் நடந்தது அந்தப் போராட்டம். ராத்திரி தேவாலயங்களில் ஜெபமும் பாட்டும். அதே கூட்டங்களில்தான் நாளைக்கு யார் கார் யாரை ஏற்றிப்போகும் என்ற கணக்கு, பெட்ரோலுக்குக் காணிக்கை. ஜெபம் ஓர் அறையிலும் போராட்டம் இன்னோர் அறையிலும் அவர்களுக்கு இருக்கவில்லை.

நம் ஊரிலும் இருக்கவில்லை. 2019 டிசம்பர் 2 விடிகாலை மேட்டுப்பாளையம் நடூரில் இருபது அடி உயரச் சுவர் இடிந்து வீடுகளின் மேல் விழுந்து 17 பேர் செத்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று அந்த மக்கள் முன்பே சொல்லிக்கொண்டிருந்தார்கள். மருத்துவமனை வாசலில் நியாயம் கேட்டவர்களுக்குத் தடியடியும் சிறையும். சுவர் கட்டியவருக்குச் சீக்கிரத்தில் ஜாமீன். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் போடுங்கள் என்ற கோரிக்கை காற்றில் போனது. அப்போதுதான் அந்த வட்டார மக்கள் இஸ்லாத்துக்குப் போகிறோம் என்று அறிவித்தார்கள். 2020 தொடக்கத்தில் பலர் போகவும் செய்தார்கள். 1981-ல் நடந்தது அப்படியே திரும்பி வந்தது. முதலில் சாவு, பிறகு சட்டத்தின் கைவிரிப்பு, அதன் பிறகே மதமாற்றம். தொலைக்காட்சிகள் மூன்றாவதை மட்டும் எடுத்து விவாதம் நடத்தின. முதல் இரண்டைப் பற்றி விவாதம் நடத்தியிருந்தால் மூன்றாவது நடந்திருக்குமா என்று எந்த நெறியாளரும் கேட்கவில்லை.

பிரார்த்தனைக்கு அரசு போடும் அபராதம் ஒன்று இருக்கிறது, மாணவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவரின் பட்டியல் சாதி ஆணையில் மூன்றாவது பத்தி. இந்து அல்லாதவர் பட்டியல் சாதி ஆக முடியாது என்றது. 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்றும் வெளியே. சென்னையில் ரோட்டோரம் செருப்புத் தைத்துக்கொண்டிருந்த ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். ஆதி திராவிட இந்துத் தொழிலாளிகளுக்கு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தார்கள். அவர் கிறிஸ்தவர் என்பதால் கிடைக்கவில்லை. அதே சாதி, அதே தெரு, அதே ஊசி, அதே தோல். 1985-ல் தீர்ப்பு வந்தது, அவருக்கு எதிராக. மதம் மாறிய பிறகும் சாதிக் கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை எந்தக் கோயிலுக்குப் போகிறாய் என்பதை வைத்துத்தான் உன் செருப்பு தைக்கும் கைக்குக் கூரை. மதம் மாறியவரைச் சாதியின் பெயரால் அடித்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் துணைக்கு வராது. அடிப்பவன் மட்டும் சான்றிதழ் பார்ப்பதில்லை. பழைய சாதியை ஞாபகம் வைத்துத்தான் அடிக்கிறான். ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-லேயே இந்த மூன்றாவது பத்தியை நீக்கச் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டின் பங்கும் உண்டு. 2002 அக்டோபரில் ஜெயலலிதா அரசு கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் கொண்டுவந்தது. கட்டாயப்படுத்தியோ ஆசை காட்டியோ மாற்றினால் மூன்று வருடம் வரை சிறை, ஐம்பதாயிரம் வரை அபராதம். மாறியவர் சிறு வயதுக்காரராகவோ பெண்ணாகவோ பட்டியல் சாதி, பழங்குடியாகவோ இருந்தால் நான்கு வருடம், ஒரு லட்சம். அந்தப் பட்டியலை ஒருமுறை சத்தமாகப் படித்துப் பாருங்கள். குழந்தை, பெண், தலித். முடிவெடுக்கத் தெரியாதவர்கள் என்று அரசு யாரையெல்லாம் நினைக்கிறது என்பதற்கு இதைவிடப் பச்சையான ஆவணம் வேண்டாம். அரசாங்க உத்தியோகம் பார்த்த மீனாட்சிபுரத்துக்காரருக்குத் தன் சாமியைத் தேர்ந்தெடுக்கத் தெரியாது, மிட்டாயைக் காட்டினால் போய்விடுவார் என்பது அதன் பொருள். 2004 தேர்தலில் தோற்ற பிறகு அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெற்றார்கள். அந்த எண்ணத்தை யாரும் திரும்பப் பெறவில்லை.

மிட்டாய் என்றதும் பாஞ்சாக்குளம் ஞாபகம் வருகிறது. அதே தென்காசி மாவட்டம், சங்கரன்கோவில் பக்கம். 2022 செப்டம்பர். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மிட்டாய் வாங்கப் போகிறார்கள். ஊர்க் கட்டுப்பாடு, உங்கள் தெருவுக்குத் தின்பண்டம் தரக் கூடாது, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் திருப்பி அனுப்புகிறார். அதை வீடியோவும் எடுக்கிறார்கள், பெருமையாக. மீனாட்சிபுரம் நடந்து 41 வருடம் கழித்து, சில மணி நேரப் பயணத் தூரம்கூட இல்லாத இடத்தில். அந்த வழக்கில் ஒரு நல்லது நடந்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பத்தாவது பிரிவைப் பயன்படுத்தி, குற்றம் சாட்டப்பட்டவர்கள் ஆறு மாதம் ஊருக்குள் நுழையக் கூடாது என்று நீதிமன்றம் தடை போட்டது. எப்போதும் ஊரைவிட்டு ஓடுவது நாம்தான், அன்று மாறியது. அந்தப் பிரிவு சட்டப் புத்தகத்தில் 1989-லிருந்து சும்மா கிடக்கிறது. எத்தனை வழக்கறிஞர்கள் கேட்டிருக்கிறார்கள்? சட்டக் கல்லூரித் தம்பிகள் தங்கைகள் இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மதங்களுக்குள்ளும் சாதி இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது. திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் கத்தோலிக்கப் பிணங்களுக்கு நடுவே சாதிச் சுவர் நிற்கிறது. செத்த பிறகும் தீட்டுப் பார்க்கும் அந்தச் சுவருக்குப் பக்கத்தில் நின்று உயிர்த்தெழுதலைப் பற்றிப் பிரசங்கம் செய்ய எப்படி வாய் வருகிறதோ தெரியவில்லை. தொழுகை வரிசையில் தோளோடு தோள் நிற்கும் முஸ்லிம் சகோதரர்களிடமும் ஒரு கேள்வி உண்டு: சம்பந்தம் பேசும் நாளில் அந்த வரிசை எங்கே போகிறது? நம் குலதெய்வக் கோயில்களில் மட்டும் என்ன வாழ்கிறது, அங்கே பெண்கள் எங்கே நிற்கிறார்கள்? அண்ணலின் நிபந்தனை எல்லோருக்கும் பொது. துக்கத்தோடு வருகிறவனை வாசலில் நிறுத்தும் இடத்தில் அவனுக்குப் பலம் கிடைக்காது, கிடைப்பது மயக்கம். வரிசைக்குள் சேர்த்துக்கொள்ளும் இடத்தில் கிடைப்பது பலம். அந்த இடத்துக்கு எந்தப் பெயர் இருந்தாலும் எனக்குச் சம்மதம்.

பெயரே இல்லாவிட்டாலும் சம்மதம். குற்றாலத்துத் தண்ணீர் சிற்றாறாகத் தென்காசி வழியாக ஓடிச் சீவலப்பேரியில் தாமிரபரணியோடு சேர்கிறது. அங்கிருந்து ஆற்றோடு மேலே போனால் திருநெல்வேலி கொக்கிரகுளம். 1999 ஜூலை 23 அன்று மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாகப் போனவர்களைப் போலீஸ் அடித்து ஆற்றுக்குள் விரட்டிய இடம். 17 பேர் செத்தார்கள், கைக்குழந்தை உட்பட. விசாரணை ஆணையம் போட்டார்கள். யாருக்கும் தண்டனை இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் மக்கள் ஆற்றங்கரைக்கு வந்து தண்ணீரில் பூத் தூவுகிறார்கள். கட்சிகள் மாலையும் கொடியும் கொண்டுவரும், முழக்கம் போடும், தொலைக்காட்சிக்குப் பேட்டி கொடுக்கும், போய்விடும். சாதாரண ஜனங்கள் அதற்குப் பிறகும் நிற்பார்கள். சிலர் சிலுவை போட்டுக்கொள்வார்கள். சிலர் ஆற்றைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். சிலர் ஒன்றும் செய்யாமல் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். நீதிமன்றம் மறந்ததை, ஆணையம் மூடியதை, இத்தனை வருடமாக அந்தப் பூதான் திறந்து வைத்திருக்கிறது. அதற்கு வழிபாடு என்பதைத் தவிர வேறு என்ன பெயர் வைப்பீர்கள்?

இவ்வளவும் எழுதுவதற்குக் காரணம், சமீபமாக நம் இளம் தோழர்களிடம் நான் பார்க்கும் ஒரு பழக்கம். கொலை நடந்த வீட்டுக்குப் போவார்கள். அங்கே யாராவது ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தால், அல்லது சாமியாடிக் குறி கேட்டுக்கொண்டிருந்தால், முகத்தைச் சுளித்து வெளியே வந்து நின்று போன் பார்ப்பார்கள். உண்மை அறியும் குழு அறிக்கையில் 'மக்களிடம் விழிப்புணர்வு குறைவு' என்று ஒரு வரி சேர்ப்பார்கள். அந்த வரியை வாஜ்பாயின் வருகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவரும் நம் மக்களுக்குச் சுயமாக யோசிக்கத் தெரியாது என்றுதான் நினைத்து வந்தார்.

உள்ளே போய் உட்காருங்கள். நம்பாதவர் நம்ப வேண்டியதில்லை, கண்ணை மூட வேண்டியதில்லை, ஆமென் சொல்ல வேண்டியதில்லை. தரையில் உட்கார்ந்திருந்தால் போதும். ஜெபம் முடிந்ததும் அந்த அம்மா உங்களைப் பார்ப்பார், "நீங்க யாருப்பா?" என்று கேட்பார். அப்போது பேசலாம். எப்.ஐ.ஆரில் எந்தப் பிரிவு போட்டிருக்கிறார்கள், நகல் கொடுத்தார்களா, விசாரிப்பது டி.எஸ்.பி.தானா, சட்டப்படி உடனே வர வேண்டிய தீருதவித் தொகை வந்ததா, வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்கினார்களா. சமாதானக் கூட்டத்துக்கு யாராவது கூப்பிட்டால் தனியாகப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். உடலை வாங்குவதா வேண்டாமா என்ற முடிவை அந்தக் குடும்பம் எடுக்கட்டும், நீங்கள் எடுக்காதீர்கள். நான்கு நாள் ஐந்து நாள் பிணவறை வாசலில் உட்கார்ந்திருக்கும் குடும்பங்களைப் பார்த்திருக்கிறோம். அந்த ராத்திரிகளில் அவர்களை நிமிர்த்தி வைத்தது ஜெபமாலையா, திருநீறா, அண்ணலின் படமா என்பதை யாரும் சோதனைக் கூடத்தில் பிரித்துப் பார்க்க முடியாது. ஒரே கைப்பையில் மூன்றும் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மதம் மாறுகிறோம் என்று அந்தக் குடும்பம் சொன்னால், மூன்றாவது பத்தியை அவர்களுக்கு விளக்கிச் சொல்லுங்கள். சான்றிதழ் என்னவாகும், பிள்ளைகளின் உதவித்தொகை என்னவாகும், நடக்கிற வழக்கு என்னவாகும் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். சொல்லிவிட்டு, முடிவை அவர்களிடமே விட்டுவிடுங்கள். பண்பொழி மலையடிவாரத்தில் அந்த மக்கள் இதையெல்லாம் தெரிந்துகொண்டுதான் வரிசையில் போய் நின்றார்கள்.

ஜெய்பீம்.